பூட்டிக் கிடக்கும் வாரிய வீட்டை நடைபாதைக் குடும்பத்துக்குக் கேட்டு வாங்குவது எப்படி?

குடிசை மாற்று வாரியம் என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த வாரியத்துக்கு 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர். அதன் வீடுகள் உங்கள் ஊரில் காலியாகக் கிடக்கின்றன, நாலு தெரு தள்ளி ஒரு குடும்பம் தார்ப்பாய் கட்டிப் பிளாட்பாரத்தில் படுக்கிறது என்றால், எடுத்த எடுப்பில் மனு எழுதாதீர்கள். முதலில் எண்ணுங்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய், வெளிச்சம் இல்லாத வீடுகளை பிளாக் எண், கதவு எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். பூட்டிய வீடெல்லாம் காலி வீடு கிடையாது. ஒதுக்கீடு வாங்கியவர் வேலைக்குத் தூரம் என்று சாவியோடு பழைய இடத்திலேயே இருக்கலாம். மின் மீட்டரைப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்துப் போனாலும் அதே எண் நிற்கிறது, பூட்டில் சிலந்தி வலை வேறு என்றால் அந்த வீடு பட்டியலில் ஏறட்டும்.

அடுத்து ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "ஏன் காலியாக வைத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதற்கு ஒரு வரியில் மழுப்பலான பதில் வரும் (நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இப்படித்தான்). ஒதுக்கப்பட்ட வீடுகளின் பட்டியல், ஒதுக்கப்படாதவற்றின் பட்டியல், சாவி கொடுத்த பதிவேட்டின் நகல் என்று ஆவணமாகவே கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு.

அந்த 30 நாளைச் சும்மா விடாமல் குடும்பத்தின் காகிதங்களைத் தேற்றுங்கள். பெரும்பாலும் சிக்குவது இங்கேதான், ஏனென்றால் முகவரி இல்லாதவருக்கு ஆதார் இல்லை, ஆதார் இல்லாதவருக்கு ரேஷன் கார்டு இல்லை, ரெண்டும் இல்லாதவரை அலுவலகத்தில் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தில் சேர்ந்திருந்தால், அதன் பொறுப்பாளர் ஆதாருக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தரலாம். அப்புறம் வருமானச் சான்று, இந்தியாவில் எங்குமே சொந்த வீடில்லை என்ற உறுதிமொழி. விண்ணப்பம் குடும்பத் தலைவியின் பெயரிலேயே இருக்கட்டும்.

மனுவில் சொந்தமாகக் கேட்பதா, வாடகைக்குக் கேட்பதா? என்னைக் கேட்டால் வாடகைக்கு. சொந்தமென்றால் பயனாளி பங்குத்தொகை கட்டச் சொல்வார்கள், பூக்கட்டிப் பிழைக்கும் அக்கா அதற்கு எங்கே போவார்? அரசுப் பணத்தில் கட்டிக் காலியாகக் கிடக்கும் வீடுகளை வாடகைக்கு விட 2020-லேயே மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்து, சண்டிகரில் 2,195 வீடுகளை அப்படி மாற்றியது. 2024-இல் வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2.0-இலும் அந்த வழி இருக்கிறது, வாடகைக்குத் தகுதியானவர்களில் வீடற்றவர்களும் உண்டு. இதை மனுவில் எழுதி, ஆர்டிஐ பதிலை இணைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் கையிலேயே கொடுங்கள். மனு எண் வாங்காமல் நகராதீர்கள்.

எந்த வீடு கிடைத்தாலும் சரி என்று மட்டும் எழுத வேண்டாம். சென்னை பாரிமுனையில் மூட்டை தூக்குகிறவருக்கு ஊர்க்கோடியில் இருக்கும் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தால், பஸ்ஸுக்கும் நேரத்துக்கும் கணக்குப் பார்த்துவிட்டு மூன்றே மாதத்தில் திரும்பப் பிளாட்பாரத்துக்கு வந்துவிடுவார். வேலை செய்யும் இடம், பிள்ளைகள் படிக்கும் பள்ளி இரண்டையும் மனுவிலேயே குறிப்பிடுங்கள். வயதானவர் இருந்தால் தரைத்தளம் கேளுங்கள். எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால் குடத்தோடு ஏறப்போவது அவர்தான்.