ஓடு பிரிக்கும் முன் ஆளைப் பாருங்கள்

எங்கள் செங்கோட்டை வீட்டில் அடுக்களைப் பக்கத்துக் கூரை ஓடுகளை ஒரு மே மாதக் கடைசியில் பிரித்துப் போட்டுவிட்டு ஒரு காண்ட்ராக்டர் போனார். திரும்பி வரவில்லை. ஆரியங்காவு தாண்டி, கேரளாவில் புனலூர்ப் பக்கம் பெரிய சோலி கிடைத்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் சாரல், எங்கள் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டது. அம்மாவும் நானும் தார்ப்பாயை இழுத்துக் கட்டிப் பார்த்தோம். புளியரைக் காற்றுக்கு அது நிற்கவில்லை. அப்பாவின் பத்திரங்கள் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அம்மா ஒவ்வொரு தாளாக எடுத்துக் கொடியில் காயப்போட்டதைப் பார்த்தபோது வந்த வேதனை இன்னும் போகவில்லை. வீட்டை மராமத்து பண்ணப் போகும் ஒருவருக்காவது இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தப்பு என்னுடையதும்தான். மூன்று பேரிடம் கேட்டு, இருப்பதிலேயே குறைவாகச் சொன்னவரைப் பிடித்தேன். வாஸ்து பூஜை அன்றே 2 லட்சம் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை. நடந்த வேலையைக் கணக்குப் பார்த்தால் 85,000 ரூபாய் இன்றுவரை வரவேண்டியிருக்கிறது. கேட்பதற்குக் கையில் ஒரு துண்டுச்சீட்டு இல்லை.

அடுத்த தடவை ஆறு மாதம் ஆள் தேடினேன்.

முதலில் எஸ்டிமேட் கேட்காதீர்கள். வேலைக்கு வருகிறவர் செய்து இரண்டு மழை கண்ட வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் பால் காய்ச்சிய வீடு எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். எனக்கு ஒரு மேஸ்திரி அண்ணாச்சி புளியரையில் ஒரு வீட்டைக் காட்டினார். போனதும் குளியலறையின் வெளிச்சுவரைத்தான் பார்த்தேன். உள்ளே தண்ணீர் கசிந்தால் அங்கே ஓதம், அதாவது ஈரம், ஏறி, பெயிண்ட் உப்பி நிற்கும். அது சுத்தமாக இருந்தது. பணம் கொடுத்த வீட்டுக்காரரிடம் பேசுவதைவிட அடுக்களையில் நிற்கிறவரிடம் பேசுங்கள். சிங்க் தண்ணீர் வாட்டமாக ஓடுகிறதா, குறை சொன்னால் வந்து பார்க்கிறாரா என்று அவருக்குத்தான் தெரியும்.

அடுத்தது, அவர் வேலை நடக்கிற இடத்துக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் போங்கள். கொத்தனார், கையாள், சித்தாள் எல்லாருக்கும் சம்பளம் கைக்கு வருகிற நேரம் அது. சிரித்துக்கொண்டு போகிறார்களா, "திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்று சமாதானம் கேட்டு நிற்கிறார்களா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். சம்பளம் நின்றால் ஆள் நிற்காது. ஆள் இல்லாவிட்டால் உங்கள் வேலையும் நின்றுவிடும். நம் பக்கத்தில் இன்னொன்றும் கேட்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், கூலி அதிகம் என்பதால் நல்ல கொத்தனார்கள் விடியக்காலையிலேயே வண்டி ஏறிவிடுவார்கள். "உங்க கூட நிரந்தரமா எத்தன பேரு அண்ணாச்சி?" என்று கேளுங்கள். பெயர் சொல்லிச் சொல்வாரானால் நல்லது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் தன் ஆட்களைப் பதிய வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். வேலையில் அடிபட்டால் அவர்களுக்கு ஒரு ஆதரவு வேண்டாமா? அதை யோசிக்கிறவர் உங்கள் வீட்டையும் யோசிப்பார் என்பது என் நம்பிக்கை.

பிறகுதான் அவரை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். எங்கள் வீடு 1956ல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பே, திருவிதாங்கூர்க் காலத்தில் தாத்தா கட்டியது. ஆசாரிமார் கோல் கணக்கில் செய்த வீடு. ஒரு கோலுக்கு 24 விரல், இன்றைய கணக்கில் 72 சென்டிமீட்டர். முதலில் வந்தவர் வாசலில் நின்று கண்ணாலேயே பார்த்து விலை சொன்னார். அண்ணாச்சி டேப்பை எடுத்து ஒவ்வொரு ஜன்னலையும் அளந்தார். "கடையில விக்கிற ஜன்னல் இதுல உக்காராது டீச்சர்" என்றார். பிறகு ஒரு ஆணியை எடுத்துச் சுவரைக் கீறினார். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. அதை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது சுண்ணாம்புச் சுவரு. இதுக்கு மேல சிமெண்டப் பூசுனா ஓதம் வெளிய வரமுடியாம உள்ளயே நிக்கும். சுண்ணாம்பையே பூசுவோம்" என்றார். அந்த இடத்தில்தான் அவரிடம் வேலையைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

எஸ்டிமேட்டில் மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள்; வரி வரியாகப் பாருங்கள். "சமையலறை வேலை - லம்ப்சம்" என்று மொத்தமாக ஒரே வரியில் முடித்தால் வேண்டாம். இடித்த குப்பையை அள்ளுவது யார், பொருள் யாருடையது, சிமெண்ட், கம்பி, வயர் எந்த பிராண்டு, கான்கிரீட் கலவை என்ன, எல்லாம் எழுத்தில் வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம் 20 என்கிற தரம் வேண்டும். கொத்தனார் கணக்கில் சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று. எக்ஸ்ட்ரா வேலை வந்தால் விலை எழுதிக் கையெழுத்து போட்ட பிறகே ஆரம்பிக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள்.

பணம் எப்போதும் வேலைக்குப் பின்னால் போகவேண்டும். எங்களுக்கு மொத்தம் 6 லட்சம். அட்வான்ஸ் 60,000. சுவர் லிண்டல் மட்டம், அதாவது கதவு ஜன்னலின் மேல்மட்டம், வந்ததும் 1,20,000. சிலாப், அதாவது கான்கிரீட் தளம், போட்டதும் 1,50,000. பூச்சு, பைப், வயரிங் முடிந்ததும் 1,20,000. டைல்ஸும் பெயிண்டும் முடிந்ததும் 1,10,000. மீதி 40,000 சாரல் கழிந்த பிறகு. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அண்ணாச்சி கோபப்படவில்லை. "சரி டீச்சர், மழ பாத்துட்டே பெறவு குடுங்க" என்றார். எல்லாம் வங்கி வழியாகவே போனது.

அறை கூட்டிக் கட்டுவதாக இருந்தால் நகராட்சி அல்லது ஊராட்சி அனுமதி வேண்டும். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே, விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே சான்று கொடுக்கும் சுயசான்று முறையில் வாங்கலாம்.

வேலையை எப்போது ஆரம்பிப்பது என்பதிலும் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். இங்கே ஜூனில் சாரல், ஐப்பசியில் அடைமழை. பொங்கல் முடிந்ததும் ஓடுகளைப் பிரித்து, சித்திரைக்குள் வேய்ந்துவிட வேண்டும். மே மாதத்தில் "பிரிச்சிரலாம்" என்கிறவரை நம்பாதீர்கள்.

நல்ல ஆளானாலும் பக்கத்தில் நில்லுங்கள். 12 எம்.எம். கம்பி 12 மீட்டர் நீளம் சுமார் 10.7 கிலோ வரவேண்டும், 8 எம்.எம். என்றால் 4.7 கிலோ. எடைபோட்டே வாங்கினேன். சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரம் அச்சடித்திருக்கும். மூன்று மாதம் தாண்டியதை இறக்கவிடாதீர்கள். சிலாப் மேல் பாத்தி கட்டி குறைந்தது பத்து நாள் தண்ணீர் நிற்கட்டும். குளியலறையில் டைல்ஸ் ஒட்டும் முன் வடிகாலை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கி வைத்துப் பார்த்தோம். இது ஒன்றை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். பிறகு உடைத்துத் திருத்துவது பெரிய பாடு.

யாராவது ஏமாற்றிவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் பண்ணலாம். வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் சேவைதான். இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். வேலைக்காகக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. கையில் ஒப்பந்தமும் ரசீதும் வைத்திருங்கள்.

அந்த ஆகஸ்டில் சாரல் ஓய்ந்ததும் அண்ணாச்சி தானாகவே வந்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு பரணில் ஏறி, கைமரம் கைமரமாகத் தடவிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு ஓட்டில் மயிரிழை விரிசல். அதை மாற்றிவிட்டு இறங்கி, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் அந்த 40,000 ரூபாய்க்குச் செக் வாங்கிக்கொண்டு போனார்.