சோப்பில் வெள்ளையும் இயற்கை நிறமும்: எங்கே தவறுகிறது?

வீட்டில் கோல்ட் பிராசஸ் முறையில் (எண்ணெயில் காஸ்டிக் சோடா கரைசலைக் கலந்து, அடுப்பில் காய்ச்சாமல்) சோப்பு செய்பவர்கள் பலர், நிறம் எடுப்பாக வர வேண்டும் என்று கலவை முழுவதிலும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியைக் கலந்துவிட்டு, அதன் மேல் மஞ்சட்டிப் பொடியைப் போடுகிறார்கள். இதுதான் முதல் தவறு. டைட்டானியம் ஒளியைச் சிதறடித்து அடியில் இருப்பதை மறைக்கும் பொருள். மூலிகை நிறங்களுக்கு அதை எதிர்த்து நிற்கும் வலு கிடையாது. மஞ்சட்டியின் சிவப்பு சோகை பிடித்த ரோஸாகிவிடும். நிறம் போதவில்லையே என்று பொடியைக் கூட்டினால் சோப்பு உடம்பில் நறநறவென்று உரசும், துண்டிலும் கறை படியும்.

கலவையை இரண்டாகப் பிரியுங்கள். வெள்ளை ஒரு பாத்திரத்தில், நிறம் இன்னொன்றில். நிறம் போகும் பகுதிக்கு வெள்ளையே வேண்டாம். அங்கே அடிநிறம் வெளிறி இருக்க வேண்டுமென்றால் எண்ணெயிலேயே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் நல்லது, வேப்பெண்ணெயும் பச்சை ஆலிவ் எண்ணெயும் மங்கலாக்கும்.

அடுத்த தவறு, காஸ்டிக் சோடாவின் காரம் செய்யும் வேலையை மறப்பது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவப்பது நமக்குத் தெரிந்ததுதானே. காஸ்டிக் சோடாவிலும் அதே மாற்றம் நடக்கும். ஊற்றும்போது செம்மண் நிறத்தில் இருந்தது, கார வேகம் தணிந்தபின் மஞ்சளுக்கோ ஆரஞ்சுக்கோ திரும்பும். வேம்பாளம் பட்டை இன்னும் ஏமாற்றும். எண்ணெயில் ஊறியதும் அடர் சிவப்பு. காரக் கரைசலை ஊற்றிக் கலக்கினால் கண்முன்னே சாம்பல் நீலமாகி, பிறகு ஊதாவில் நிற்கும். எண்ணெயில் தெரியும் சிவப்பை நம்பி வெள்ளையோடு சேர்த்து "பிங்க் சோப்பு" எதிர்பார்த்தால் சாம்பல் பூத்த லாவெண்டர்தான் கிடைக்கும். பீட்ரூட்டும் செம்பருத்தியும் பழுப்பாகிவிடும். அவற்றோடு வெள்ளை சேர்த்தால் பால் டீ நிறம். அவற்றை இதற்காக வாங்கவே வேண்டாம்.

டைட்டானியத்தை உலர்பொடியாகத் தூவினால் வெட்டும்போது வெள்ளைப் புள்ளிகள் தெரியும். நீரில் கலக்கும் வகை, எண்ணெயில் கலக்கும் வகை என்று இரண்டு உண்டு, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு டீஸ்பூனுக்கு மேல் தேவைப்படாது. நீரில் குழைப்பதானால் அந்த நீரை மொத்த அளவிலிருந்தே எடுக்க வேண்டும். அளக்கும்போது மாஸ்க் போடுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகக்கூடாது. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பை மாற்றாகப் போடும் யோசனையும் வேண்டாம். அது நீரில் கரையாத கால்சியம் சோப்பை உண்டாக்கும்.

வெட்டிய துண்டில் கண்ணாடி போன்ற நரம்புகள் ஓடினால் பலரும் டைட்டானியம் மட்டமான சரக்கு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் நீரும் சூடும்தான். காஸ்டிக் சோடாவின் எடையைப் போல் இரண்டு மடங்கு நீரோடு நிறுத்துங்கள். நம் ஊர் வெயிலில் அச்சைக் கம்பளியால் மூடவும் வேண்டாம்.

வாசனையும் நிறத்தைக் கெடுக்கும். வெனிலா மணம் தரும் வெனிலின் என்ற பொருள் உள்ள வாசனை எண்ணெய் நாளாக நாளாகப் பழுப்பாகும், டைட்டானியத்தால் அதைத் தடுக்க முடியாது. வெள்ளைப் பகுதிக்கு வாசனையே சேர்க்காமல் விட்டாலும் பக்கத்துப் பகுதியிலிருந்து அந்தப் பழுப்பு மெல்ல ஊர்ந்து வரும். வெள்ளை தூய்மையாக நிற்க வேண்டுமானால் அந்தச் சோப்பில் வெனிலின் இல்லாத வாசனையையே தேர்ந்தெடுங்கள்.