பன்னிரண்டு வயதில் கல்லூரியா? சேர்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

வகுப்புப் பாடத்தை முதல் மாதத்திலேயே முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், "நேரே கல்லூரியிலேயே சேர்த்துவிடலாமா?" என்ற கேள்வி வராமல் இருக்காது. இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் கிடையாது. எந்தப் பாடத்தில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யாரோடு சேர்ந்து, சரிவராவிட்டால் திரும்ப என்ன வழி என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

முதலில் பயத்தைப் பற்றி. 1909-இல் 11 வயதில் ஹார்வர்டில் சேர்ந்து, பிறகு உலகத்தின் கண்ணிலிருந்தே ஒதுங்கிப்போன வில்லியம் சைடிஸைக் காட்டி எச்சரிப்பவர்கள் உண்டு. அதே ஆண்டில் 14 வயதில் இளங்கலையை முடித்துவிட்டு அதே ஹார்வர்டுக்கு மேற்படிப்புக்கு வந்த நார்பர்ட் வீனர், பின்னாளில் சைபர்நெட்டிக்ஸ் (இயந்திரங்களிலும் உயிர்களிலும் கட்டுப்பாடும் தகவல் பரிமாற்றமும் எப்படி நடக்கின்றன என்று ஆராய்வது) என்ற துறையையே தொடங்கிவைத்தார். ஒருவர் வாழ்க்கையை வைத்து உங்கள் பிள்ளைக்கு முடிவெடுக்க முடியாது. 1971-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி தொடங்கிய நீண்டகால ஆய்வு, கணிதத்தில் முந்தி நிற்கும் பிள்ளைகளை நடுவயது வரை பின்தொடர்ந்தது. படிப்பில் முன்னே தள்ளப்பட்டவர்களுக்கு அதனாலேயே மனநலம் கெட்டதாக அதில் தெரியவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஒரு வகுப்பையோ ஒரு பாடத்தையோ தாண்டியவர்கள். 12 வயதில் தனியாக முழுநேரக் கல்லூரிக்குப் போனவர்கள் அல்ல. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு அந்த ஆய்வை மேற்கோள் காட்டக்கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், பிள்ளைக்கு ஆசை இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பு தாண்டுவதை முடிவுசெய்ய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உருவாக்கிய அளவுகோலில், மற்ற எல்லாம் பொருந்தினாலும் பிள்ளைக்கு விருப்பம் இல்லையென்றால் வேண்டாம் என்பது ஒரு விதி. உடன்பிறந்தவர் இருக்கும் அதே வகுப்புக்குத் தாண்ட வைக்கக்கூடாது என்பது இன்னொன்று. அண்ணனோ அக்காளோ இப்போதுதான் கல்லூரி முதலாண்டில் இருந்தால், தம்பியை அதே கல்லூரியில் அதே ஆண்டில் உட்காரவைப்பது இருவருக்குமே கெடுதல்.

<b>அளந்து பார்ப்பது</b>

பள்ளித் தேர்வில் 100க்கு 100 என்பது பிள்ளை எங்கே இருக்கிறது என்று சொல்லாது. அளவுகோல் அதோடு முடிந்துவிட்டது என்பதை மட்டும்தான் சொல்லும். அதனால்தான் 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு 17 வயதுக்காரர்களுக்கான எஸ்.ஏ.டி. (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு) போன்ற தேர்வை வைத்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. பயிற்சி வகுப்பு எதுவும் இல்லாமல் எழுத வையுங்கள். பயிற்சி கொடுத்து எடுத்த மதிப்பெண் உங்களையே ஏமாற்றும்.

அதற்குப் பிறகு வீட்டிலேயே ஒரு மாதச் சோதனை. சேர நினைக்கும் கல்லூரியின் முதல் செமஸ்டர் பாடநூலில் முதல் மூன்று அத்தியாயங்களைக் கொடுங்கள். நான்கு வாரம். வாரத்துக்கு ஓர் அசைன்மெண்ட், முடிக்க வேண்டிய நாள் எழுதி வைத்தது, நினைவூட்டல் கிடையாது. கடைசியில் அந்தக் கல்லூரியின் பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதட்டும். திருத்துவது நீங்களாக இருக்க வேண்டாம். அந்தப் பாடத்தைக் கல்லூரியில் நடத்தும் ஒருவர் திருத்தட்டும்.

அந்த விடைத்தாளில் என்ன பார்க்க வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டு. "இரண்டு ஒற்றைப்படை எண்களைப் பெருக்கினால் ஒற்றைப்படை எண்ணே வரும் என்று நிறுவுக." பிள்ளை 3×5=15, 7×9=63 என்று எழுதி "ஆகவே உண்மை" என்று முடித்திருக்கும். சொன்னது சரி, ஆனால் கல்லூரியில் இதற்கு மதிப்பெண் கிடைக்காது. ஒவ்வோர் எண்ணையும் 'ஓர் இரட்டைப்படை எண்ணும் கூட ஒன்றும்' என்று பிரித்துப் பெருக்கி விரித்தால், கடைசியில் நிற்கும் 1-ஐத் தவிர மற்ற எல்லாம் இரட்டைப்படை என்று காட்ட வேண்டும். மனக்கணக்கில் விடையைப் பிடித்துவிடும் பிள்ளைகள் இப்படி வரிவரியாக எழுத அலுத்துக்கொள்வார்கள். அது திறமைக் குறைவு அல்ல, பழக்கம் இல்லாதது. ஆனால் பழக்கம் வர ஆறு மாதமாவது பிடிக்கும், அதைக் கல்லூரிக்குப் போவதற்கு முன்னால் வரவைக்க வேண்டும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஹால்பர்ட் ராபின்சன் 1977-இல் சிறுவயதுச் சேர்க்கையைத் தொடங்கியபோது பிள்ளைகள் நேரே கல்லூரி வகுப்புக்குப் போனார்கள். அறிவு மட்டும் போதவில்லை என்று தெரிந்த பிறகு, 1981-இல் கல்லூரிக்கு முன்பாக ஓராண்டு ஆயத்தப் பள்ளி சேர்க்கப்பட்டது. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இல்லையென்றால் அந்த ஓராண்டை நீங்களேதான் அமைக்க வேண்டும். மாதம் ஒரு கட்டுரை, 1200 சொல், குறைந்தது இரண்டு நூல்களைப் படித்து ஒப்பிட்டு எழுதியது, திருத்தம் கேட்டு இரண்டு முறை மாற்றி எழுதியது. பத்துக் கட்டுரை முடிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

<b>நேரக் கணக்கு</b>

ஒரு கிரெடிட்டுக்கு (பாடத்தின் சுமையை அளக்கும் அலகு) வாரம் 1 மணி நேரம் வகுப்பு, குறைந்தது 2 மணி நேரம் வெளியே படிப்பு என்பது அமெரிக்கக் கல்லூரிகளின் பொதுக்கணக்கு. 15 கிரெடிட் என்றால் வாரத்துக்கு 45 மணி. 13 வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். 9 என்று வைத்தாலும் வாரத்துக்கு 63. 168-இல் மீதி 60 மணி நேரத்தில்தான் சாப்பாடு, குளியல், பயணம், விளையாட்டு, நண்பர்கள் எல்லாம். இந்தக் கணக்கைப் பிள்ளையையே தாளில் போடச் சொல்லுங்கள். நடக்கும்போது முதலில் வெட்டு விழுவது தூக்கத்தில், அடுத்தது நண்பர்களில்.

அதனால் படிப்படியாக ஏறுங்கள். முதல் செமஸ்டரில் ஒரே ஒரு பாடம், மதிப்பெண் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்து கேட்பது. அடுத்ததில் அதற்கு மேலான ஒரு பாடம், மதிப்பெண்ணோடு. அது நன்றாகப் போனால் இரண்டு, அதில் ஒன்று எழுத்து அதிகம் உள்ளதாக. கணித மேதை டெரன்ஸ் டாவ் 9 வயதில் பல்கலைக்கழகக் கணித வகுப்புக்குப் போகத் தொடங்கியவர், ஆனால் முழுநேர மாணவரானது 14 வயதில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளியும் பல்கலைக்கழகமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பின்னாளில் வாங்கியவருக்கே அவ்வளவு நிதானம் போதுமானதாக இருந்தது.

மதிப்பெண்ணோடு எடுக்கும் பாடத்தில் கவனம் வேண்டும். 13 வயதில் வாங்கிய மோசமான கிரேடு, 22 வயதில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் பட்டியலில் நிற்கும். பாடத்திலிருந்து விலகக் கடைசி நாள் எது என்று முதல் வாரத்திலேயே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

<b>யாரோடு</b>

இருபது வயதுக்காரர் நாற்பது பேருக்கு நடுவில் ஒரே ஒரு சிறுவன் என்பது பாடத்தைவிடக் கடினம். லேப்பில் ஜோடி கிடைக்காது. குழு வேலைக்கு இரவு ஒன்பது மணிக்குக் கூடுவார்கள். 1966-இல் வகுப்புகளைத் தொடங்கிய அமெரிக்காவின் சைமன்ஸ் ராக் போலச் சிறுவயதினருக்கென்றே அமைந்த கல்லூரியோ, ஒத்த வயதினர் ஒரு தொகுதியாகச் சேரும் திட்டமோ கிடைத்தால், புகழ் குறைந்த இடமாக இருந்தாலும் அதையே எடுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால், பகுதி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. விளையாட்டோ இசையோ, சம வயதுப் பிள்ளைகளோடு வாரம் இரண்டு நாளாவது விடாமல் நடக்க வேண்டும்.

பேராசிரியரிடம் பேசுவது பிள்ளையின் வேலை, உங்கள் வேலை அல்ல. மின்னஞ்சலை அதுவே எழுதப் பழக்குங்கள்: "ஐயா, மூன்றாம் அசைன்மெண்ட்டில் இரண்டாவது கணக்கில் இந்த வரி வரை வந்துவிட்டேன், அடுத்தது ஏன் வருகிறது என்று புரியவில்லை. வியாழக்கிழமை உங்கள் அறைக்கு வரலாமா?" எதுவரை புரிந்தது, எங்கே நின்றது, எப்போது வரட்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும். இதுவரை யாரிடமும் சந்தேகம் கேட்டே பழகாத பிள்ளைக்கு இதுதான் மிகப் பெரிய தடை. கேட்டால் தன் அறிவின் மேல் மற்றவர்க்கு ஐயம் வந்துவிடும் என்று பயப்படும்.

அலுவலகக் காரியங்களையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேதியியல், உயிரியல் ஆய்வகத்தில் வயது வரம்பு இருக்கிறதா, அவசரச் சிகிச்சைக்கு யார் ஒப்புதல், பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் பட்டம் கொடுப்பார்களா. அமெரிக்காவில் இன்னொன்று பலருக்குத் தெரியாது: பிள்ளை கல்லூரி மாணவரானதும், வயது எதுவானாலும், தன் கல்விப் பதிவேட்டின் மீதான உரிமை அதன் கைக்குப் போய்விடும். ஒப்புதல் கையெழுத்து வாங்கி வைக்காவிட்டால் மதிப்பெண்ணைக் கேட்கப் போகும் பெற்றோரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

<b>எப்போது நிறுத்துவது</b>

நிறுத்தும் விதியைச் சேரும் முன்பே பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து எழுதி வையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து அசைன்மெண்ட் போகாமல் இருப்பது, இரவு பன்னிரண்டைத் தாண்டி விழிப்பது வழக்கமாவது, மதிப்பெண்ணை மறைப்பது, பிடித்த பாடத்தின் பெயரைச் சொன்னாலே முகம் மாறுவது. இவற்றில் இரண்டு சேர்ந்தால் விலகல் நாளுக்கு முன் ஒரு பாடத்தைக் கழற்றிவிட வேண்டும். முதல் இடைத்தேர்வில் 62 வாங்கிவந்து அழுவதை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 95-க்குக் கீழே பார்த்திராத பிள்ளைக்கு அது வந்தே தீரும். அழுத மறுநாள் அந்தத் தாளை எடுத்துப் பிழை திருத்துகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

முழுநேரம் சரிவரவில்லை என்று பள்ளிக்குத் திரும்பினால், எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியதில்லை. பலமான அந்த ஒரு பாடத்தை மட்டும் கல்லூரியிலேயே தொடரவிட்டு, மற்றவற்றுக்குப் பள்ளியில் இடம் கேளுங்கள். அந்த இடத்தைப் பள்ளி ஓராண்டு வைத்திருக்குமா என்று, கல்லூரியில் சேர்க்கும் நாளிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.