அடைப்புக்குறிக்குள் ஒரு ஆறு

காலநிலைப் பேச்சுவார்த்தைக்குப் போகும் இளம் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கணுமா? எடுத்த எடுப்பிலே ஒப்பந்தப் புத்தகத்தை விரிக்காதீங்க. பாளையங்கோட்டையில் நான் முதல் நாள் மேசைமேல் வைப்பது தாமிரபரணியைத்தான்.

பன்னிரண்டு பேரை மூணு அணியாகப் பிரிங்க. கன்னடியன் கால்வாய்க்காரர்கள், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக் கடைமடைக்காரர்கள், குடிதண்ணீர் கேட்கும் ஊர்க்காரர்கள். பாபநாசம் அணையில் தண்ணீர் குறைவு. கார் நெல்லுக்கு எவ்வளவு திறப்பது? ஒரே பக்கத்தில் உடன்பாடு எழுதணும். ஓட்டெடுப்பு கிடையாது. ஐ.நா. காலநிலை மாநாடு மாதிரி, எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. இழுபறியில் இருக்கும் சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடச் சொல்லுங்க.

போன தடவை கடைமடை அணித் தம்பி ஒருத்தன், 'திறக்க வேண்டும்' என்பது 'திறக்கலாம்' ஆனதைப் பார்க்காமலே தலையாட்டிட்டான். "ஒரு சொல்லுதானே அண்ணாச்சி?"ன்னான். உடனே பாரிஸ் காலநிலை ஒப்பந்தக் கதையை எடுத்தேன். 2015 டிசம்பர் 12, கடைசி நேரம். வளர்ந்த நாடுகளின் கடமையைச் சொல்லும் 4.4 பிரிவில் இருந்த 'ஷல்' என்ற சொல், எழுத்துத் திருத்தம் என்ற பேரில் 'ஷுட்' ஆனது. கட்டாயம் போய் அறிவுரை ஆயிட்டு! 2021 கிளாஸ்கோ காலநிலை மாநாட்டிலும் நிலக்கரியை 'ஒழிப்பது' 'குறைப்பது' ஆனது கடைசி நேரத்தில்தான். தம்பி அப்புறம் வாயைத் திறக்கலை.

இரண்டாம் சுற்றில் அணிகளை மாத்துங்க. நேற்று திட்டினவனுக்காக இன்று வாதாடட்டும். சாயங்காலம் தாண்டியும் இழுங்க, அசதியில்தான் சொல் நழுவும். அல்வாப் பொட்டலம் கண்ணில் படும்படி இருக்கட்டும். கடைசி அடைப்புக்குறி நீங்கும்வரை நான் பிரிக்கிறதில்லை.