கட்டுப்பாட்டுச் செய்தி தொலைந்தால்: வயர்லெஸ் நெட்வொர்க்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேட்டா பாக்கெட் ஒன்று கெட்டுப்போனால் பெரிய விஷயமில்லை. போன் ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லும், பேஸ் ஸ்டேஷன் (டவர்) மறுபடி அனுப்பும். வீடியோ பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ‘உனக்கு டேட்டா வருகிறது, இந்த இடத்தில் எடுத்துக்கொள்’ என்று சொல்லும் கட்டுப்பாட்டுச் செய்தியே தொலைந்துவிட்டால்? தனக்கு ஏதோ வந்தது என்பதே போனுக்குத் தெரியாது. பிறகு எதைக் கேட்டு வாங்கும்? பேஸ் ஸ்டேஷன் கணக்கில் அனுப்பியாயிற்று, போன் கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. இந்த இரண்டு கணக்கும் ஒட்டாமல் போவதில்தான் பெரும்பாலான கோளாறுகள் தொடங்குகின்றன.

டேட்டாவுக்கான அளவுகோலால் அளப்பது

போன் அனுப்பும் சிக்னல் தர அறிக்கை பொதுவாக டேட்டாவை மனதில் வைத்துக் கணக்கிடப்படுவது: முதல் முயற்சியில் 10 சதவீதம் வரை தோற்கலாம், மறு அனுப்பல் பார்த்துக்கொள்ளும். கட்டுப்பாட்டுச் செய்திக்கு அப்படி மறுவாய்ப்பு இல்லை. அதனால் அங்கே வழக்கமான இலக்கு 1 சதவீதம். அந்த அறிக்கையை அப்படியே எடுத்துக் கட்டுப்பாட்டு சேனலின் பாதுகாப்பை முடிவு செய்தால், செல்லின் (ஒரு பேஸ் ஸ்டேஷன் கவனிக்கும் பகுதி) ஓரத்தில் இருப்பவர்கள்தான் முதலில் அடிபடுவார்கள். கட்டுப்பாட்டு சேனலுக்கென்று தனியாக ஒரு திருத்தம் ஓடவேண்டும். போனிலிருந்து பதிலே வராமல் போன தருணங்களை அதற்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம்.

சரி, எல்லோருக்கும் உச்சப் பாதுகாப்பு கொடுத்துவிட்டால்? அடுத்த தவறு அது. 5ஜியில் கட்டுப்பாட்டுப் பகுதி 48 பிளாக் (அலைவரிசைத் துண்டு) அகலம், 2 சிம்பல் (மிகச் சிறிய நேரத் துண்டு) நீளம் என்று வையுங்கள். மொத்தம் 96 சிறு துண்டுகள். ஆறு துண்டு சேர்ந்தால் ஓர் அலகு, ஆக 16 அலகுகள். உச்ச நிலையில் ஒரே ஒரு செய்தி இந்தப் பதினாறையும் விழுங்கிவிடும். அந்த ஸ்லாட்டில் (ஒதுக்கீடு நடக்கும் நேரத் துண்டு) மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். டேட்டாவுக்கு இடம் காலியாகக் கிடக்கும், அதை யாருக்கும் ஒதுக்கிக் கொடுக்க வழியிருக்காது. பவரைக் கூட்டுவதும் இதே கதைதான். எல்லா செல்லும் கூட்டினால் பக்கத்து செல்லுக்கு இரைச்சல் கூடுவதுதான் மிச்சம்.

மௌனத்தை மறுப்பாக எடுத்துக்கொள்வது

எனக்குத் தெரிந்து அதிகம் கவனிக்கப்படாத தவறு இதுதான். ‘கிடைக்கவில்லை’ என்ற பதிலும் பதிலே இல்லாததும் ஒன்றல்ல. முதலாவதில் போன் செய்தியைப் பார்த்திருக்கிறது, டேட்டாவைத்தான் பிரித்தெடுக்க முடியவில்லை. பாதி விஷயம் அதன் நினைவகத்தில் இருக்கும். இரண்டாவதில் அதன் கையில் ஒன்றுமே இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்து, முதல் அனுப்பலுக்குத் துணையாக அமைந்த மறுபதிப்பை அனுப்பினால், மூலம் இல்லாதவருக்குப் பின்னிணைப்பைக் கொடுத்த மாதிரி. தனியாக அதை வைத்துப் பிரிக்க முடியாமலே போகலாம். மௌனம் வந்தால் முதல் பதிப்பையே திரும்ப அனுப்புவது நல்லது, கூடவே கட்டுப்பாட்டுச் செய்தியின் பாதுகாப்பை ஒரு படி ஏற்றிவிட வேண்டும்.

பல பாக்கெட்டுக்குச் சேர்த்து ஒரே பதில் வரும்போது சிக்கல் இன்னும் கூடும். மூன்று ஒதுக்கீடு அனுப்பினோம், நடுவில் உள்ளது தொலைந்தது. போன் இரண்டுக்குத்தான் பதில் தரும். பேஸ் ஸ்டேஷன் அதை மூன்றாக வாசிக்கப் பார்க்கும். இதற்காகத்தான் ஒவ்வொரு ஒதுக்கீட்டிலும் 2 பிட் வரிசை எண் வைக்கிறார்கள். 1, 3 என்று வந்தால் 2 தவறியது தெரிந்துவிடும். ஆனால் கடைசியாக அனுப்பியது தொலைந்தால் வரிசை எண்ணால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்தடுத்து நான்கு தொலைந்தாலும் அப்படித்தான், எண் சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கும். ‘எண் இருக்கிறதே’ என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

இல்லாததைக் கேட்பது

இதன் மறுபக்கமும் உண்டு. எல்டிஇ (4ஜி) போன் தனக்கான செய்தியைத் தேடி ஒரு மில்லி நொடிக்கு 44 முறை வரை முயன்று பார்க்கும், நொடிக்கு 44,000. செய்தி சரியாக வந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண் 16 பிட்தான் என்பதால் வெறும் இரைச்சல்கூட 65,536 முயற்சியில் ஒரு முறை ‘சரி’ என்று தேறிவிடலாம். ஆக, மூன்று நொடிக்கு இரண்டு பொய்ச் செய்திகள் வரை! உள்ளே இருக்கும் மதிப்புகள் நம்பும்படி இருக்கின்றனவா என்றும் பார்த்தாக வேண்டும். 5ஜியில் 24 பிட். அங்கேயும் டிகோடர் (செய்தியைப் பிரித்தெடுக்கும் பகுதி) எட்டு விடைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால் அந்தப் பலத்தில் 3 பிட் போய்விடும்.

ஹேண்டோவரைத் தள்ளிப்போடுவது

இணைப்பு ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் ஹேண்டோவர். இரண்டு செல்லுக்கு நடுவே போன் மாறி மாறித் தாவினால், காத்திருப்பு நேரத்தைக் கூட்டிவிடுவது வழக்கமான வைத்தியம். 480 மில்லி நொடி வைத்தோம் என்றால், நொடிக்கு 30 மீட்டர் போகும் ரயிலில் அதற்குள் 14 மீட்டருக்கு மேல் கடந்திருப்போம். அப்புறம்தான் ‘பக்கத்து செல் நன்றாக இருக்கிறது’ என்ற அளவீட்டு அறிக்கையே கிளம்பும், அதுவும் செத்துக்கொண்டிருக்கும் பழைய இணைப்பு வழியாக. ‘மாறிக்கொள்’ என்ற கட்டளை வரவேண்டியதும் அதே வழியில்தான். மொபைல் தரநிலையின் வெளியீடு 16இல் வந்த நிபந்தனை ஹேண்டோவர் இதைத்தான் சரிசெய்கிறது: இணைப்பு நன்றாக இருக்கும்போதே கட்டளையைக் கொடுத்து வைத்துவிடலாம், நேரம் வந்ததும் போன் தானே மாறிக்கொள்ளும்.

துண்டிப்புகளை ஆராயும்போது சராசரி வேகத்தைப் பார்ப்பதில் பயனில்லை. கட்டுப்பாட்டு சேனல் 10 சதவீதத்துக்கு மேல் தோற்கும் என்று கணித்தால் போன் ‘ஒத்திசைவு போனது’ என்று குறிக்கும், 2 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் ‘மீண்டது’ என்று குறிக்கும். அந்த முதல் குறிக்குச் சற்று முன்னால் போன் பக்கப் பதிவில் அளவீட்டு அறிக்கை கிளம்பியிருக்கிறதா, பேஸ் ஸ்டேஷன் பதிவில் அது வந்து சேர்ந்திருக்கிறதா என்று இரண்டையும் நேரம் பொருத்திப் பாருங்கள். கிளம்பியது வந்து சேரவில்லை என்றால் பிரச்சினை அப்லிங்கில் (போனிலிருந்து டவருக்குப் போகும் வழி) இருக்கிறது. அதற்கு டவரின் பவரைக் கூட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.