அட்டைப்படம் வரைய ஆசையா? ஆள் பழக்கம் பிடிப்பது எப்படி

போன வாரம் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, இன்ஸ்டாகிராம்ல முந்நூறு படம் போட்டாச்சு. லைக் வருது, வேலை வரலை. பதிப்பாளர் ஒருத்தரையும் தெரியாது. எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?"

நானும் ஒரு காலத்தில் அங்கேதான் நின்றேன். அவருக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தமிழ்ப் புத்தகங்களுக்கு அட்டைப்படமோ உள்ளே கோட்டோவியமோ வரைய நினைப்பவர்களுக்கானது இது. சினிமாவும் விளம்பரமும் வேறு உலகம், அங்கே எனக்கு வழி தெரியாது.

1. அலமாரியைக் கிளறுங்கள்

கடந்த ஐந்தாறு வருடங்களில் வந்த இருபது புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இல்லையென்றால் நூலகம். தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் பதிப்பு விவரம் இருக்கும். முதல் பதிப்பு, விலை, அச்சகம் என்று போகும் வரிகளுக்கு நடுவே, பொடி எழுத்தில், 'அட்டை வடிவமைப்பு', 'ஓவியம்', 'பக்க வடிவமைப்பு' என்று சில பெயர்கள். வாசகர்கள் யாரும் படிக்காத இடம். நீங்கள் படிக்க வேண்டியது அதைத்தான்.

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: பதிப்பகம், அட்டை, ஓவியம், லேஅவுட். பத்தாவது புத்தகம் தாண்டுவதற்குள் அதே பெயர்கள் திரும்ப வரும். சில பதிப்பகங்கள் புகைப்படத்தை மட்டுமே அட்டையில் போடுகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். அவர்கள் பெயரை இப்போதைக்கு நோட்டில் அடித்துவிடுங்கள்.

நான்காவது கட்டத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். லேஅவுட் செய்பவர் ஒரே சமயத்தில் நான்கு பதிப்பகங்களுக்கு வேலை பார்ப்பார். "கதைக்குப் படம் போட ஆள் இருக்கா?" என்ற கேள்வி முதலில் அவரிடம்தான் வரும். எனக்குக் கிடைத்த முதல் மூன்று வேலையும் ஒரு லேஅவுட் அக்கா மூலம் வந்தவை. அந்தப் பதிப்பாளர்களின் முகத்தை நான் பார்த்ததே பிற்பாடுதான்.

2. பத்துப் படம் போதும், அதில் மூன்று அட்டையாக இருக்கட்டும்

நடிகர்களின் பென்சில் உருவப்படம் பத்து வைத்திருப்பீர்கள். அதைப் பார்க்கும் பதிப்பாளருக்கு உங்கள் கை தெரியும், தன் புத்தகம் தெரியாது. அதனால் உங்களுக்குப் பிடித்த மூன்று கதைகளுக்கு நீங்களே அட்டை செய்து பாருங்கள். வழக்கமான டெமி அளவு, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். தலைப்புக்கும் ஆசிரியர் பெயருக்கும் இடம் விடுங்கள். முதுகும் பின்னட்டையும் சேர்த்து விரித்து வையுங்கள். மேலே மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடத் தெரிந்த ஓவியரைப் பதிப்பாளருக்கு உடனே பிடித்துவிடும், பாதிப் பேருக்கு அது வருவதில்லை.

பத்தையும் ஒரே பிடிஎஃபாக்கி, போனில் சட்டென்று திறக்கிற அளவுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். அதில் நல்லதாக ஒன்றை அஞ்சலட்டை அளவில் ஐம்பது பிரதி அச்சடியுங்கள். பின்பக்கம் பெயர், போன் நம்பர். விசிட்டிங் கார்டு பர்ஸுக்குள் போய்த் தொலைந்துவிடும். படம் மேசை மேல் கிடக்கும்.

3. எப்போது போவது

சென்னைப் புத்தகக் காட்சி 1977-இல் தொடங்கியது, பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்கள் சங்கமான பபாசி நடத்துகிறது. பொங்கலை ஒட்டி வரும். ஆண்டின் புதுப் புத்தகங்களில் பெரும்பகுதி அதைக் குறிவைத்தே அச்சுக்குப் போகிறது. எனவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதிப்பாளருக்குத் தூக்கம் கிடையாது. அப்போது போய் "அறிமுகம் செய்துகொள்ளலாம்னு வந்தேன் சார்" என்றால் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். ஆனால் ஏற்கெனவே உங்களைத் தெரிந்திருந்தால், அவசரத்துக்குக் கூப்பிடுவதும் அதே மாதங்களில்தான். ஆகவே பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை பழகுங்கள், செப்டம்பரில் ஒரு முறை நினைவூட்டுங்கள். ஆகஸ்டில் ஈரோட்டில் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்குப் போனால் அதே ஆட்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

4. ஸ்டாலில் நிற்கும்போது

என் முதல் புத்தகக் காட்சியில் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். பொங்கல் விடுமுறை, ஞாயிறு மாலை ஆறரை மணி. அறுபது பக்க ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒரு ஸ்டாலுக்குள் போனேன். பதிப்பாளரே பில் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் எட்டுப் பேர் வரிசை. "வச்சுட்டுப் போங்க தம்பி" என்றார். வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால் ஃபைல் கவுண்டருக்கு அடியில், அதன் மேல் இரண்டு டீ கப். உள்ளே கடைசி ஆறு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. விற்கிற நேரத்தில் போனது நான்.

வேலை நாளில், ஸ்டால் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் போங்கள். முதலில் அவர்கள் புத்தகம் ஒன்றை வாங்குங்கள், நூறு ரூபாய்ப் புத்தகமாக இருந்தாலும் சரி. அப்புறம் அவர்கள் போட்ட அட்டை ஒன்றைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள், பொத்தாம்பொதுவாக இல்லாமல்: "அந்தச் சிறுகதைத் தொகுப்புல எழுத்தைக் கையால எழுதியிருந்தது நல்லா இருந்தது, யார் எழுதினது?" இப்படிக் கேட்டால் பேச்சு தானாக வரும். வந்ததும் அஞ்சலட்டையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். முதல் நாளே வேலை கேட்காதீர்கள்.

கூப்பிடும் முறையையும் கவனியுங்கள். சில ஸ்டால்களில் எல்லாருமே 'தோழர்', சில இடங்களில் 'ஐயா', மற்றதெல்லாம் 'சார்', 'மேடம்'. அவர்கள் தங்களுக்குள் எப்படிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று ஒரு நிமிடம் காது கொடுத்தால் போதும்.

5. மூன்று நாளுக்குள் ஒரு மெசேஜ்

இவ்வளவு போதும்:

"வணக்கம் சார். செவ்வாய்க்கிழமை உங்கள் ஸ்டாலில் நீலக் கதவு படம் கொடுத்த ஓவியன். வாங்கிய நாவலைப் படித்துவிட்டேன். கிணற்றடிக் காட்சிக்கு ஒரு கோட்டோவியம் போட்டுப் பார்த்தேன், இணைத்திருக்கிறேன். உள்படம் தேவைப்படும்போது சொல்லுங்கள்."

பதில் வராது. பெரும்பாலும் நீலக் குறி மட்டும் வரும். விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, புதிதாகக் காட்ட ஏதாவது இருந்தால் மட்டும் மறுபடி அனுப்புங்கள். தினமும் 'காலை வணக்கம்' அனுப்பும் ஆளை மியூட் செய்துவிடுவார்கள்.

6. பக்கத்தில் வரைகிறவர்கள்

மேலே உள்ளவர்களையே பார்த்துக்கொண்டு, கூட இருப்பவர்களைக் கோட்டை விடுகிறோம். சென்னையில் 1850-இல் தொடங்கிய ஓவியக் கல்லூரி இருக்கிறது. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அங்கிருந்து வந்த ஓவியர்களும் 1966-இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கியது எப்படி என்று நினைக்கிறீர்கள்? பாத்திக் துணியும் (மெழுகு பூசிச் சாயமிடுவது) கைவினைப் பொருட்களும் செய்து, விற்று, சேர்ந்து நிலம் வாங்கினார்கள். ஓவியம் விற்கும்வரை சோறு போட்டது அந்தத் துணிதான்.

உங்களுக்கு அவ்வளவு பெரிய திட்டம் வேண்டாம். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் கண்காட்சி திறப்பு நடந்தால் போங்கள். உங்கள் வயதில் நான்கு பேராவது சுவரோரம் தனியாக நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களிடம் பேசுங்கள். வெளியூரில் இருந்தால், ஞாயிறு காலை பஸ் ஸ்டாண்டிலோ கோயில் மண்டபத்திலோ உட்கார்ந்து வரைய இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யாருக்கு எவ்வளவு பணம் வந்தது, எந்த இடத்தில் இழுத்தடிக்கிறார்கள் என்ற விவரமெல்லாம் வரைந்து முடித்துப் போகும் டீக்கடையில்தான் கிடைக்கும்.

7. 'சும்மா ஒண்ணு போட்டுக் கொடுங்க'

கேட்பார்கள். கைக்காசைப் போட்டு நடத்தும் சிற்றிதழ் என்றால் ஒன்றிரண்டு வரைந்து கொடுக்கலாம், நான் இன்றும் கொடுக்கிறேன். அங்கே எழுதும் கவிஞரே நாளை தன் தொகுப்புக்கு உங்களைக் கூப்பிடுவார். ஆனால் நானூறு ரூபாய் விலை போட்டு விற்கிற புத்தகத்துக்கு இலவசம் கூடாது. தொகை, எத்தனை திருத்தம், பெயர் எங்கே வரும், எத்தனை பிரதி தருவார்கள், இந்த நான்கையும் தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி 'சரி' வாங்கிவிடுங்கள்.

8. கை நிறைந்த பிறகு

ஒரு நவம்பரில் ஐந்து அட்டைகளை ஒப்புக்கொண்டு மூச்சு முட்டியபோது, ஆறாவதாக வந்ததை ஞாயிறு கூட்டத்துப் பையன் ஒருவனுக்குக் கைமாற்றினேன். அவனுடைய படங்களின் பிடிஎஃபை அனுப்பும் முன் பதிப்பாளரிடம் சொல்லி, அவனிடமும் கேட்டுக்கொண்டேன், அது முக்கியம். அவன் போட்ட அட்டை என்னுடையதைவிட நன்றாக வந்துவிட்டது. அடுத்த வருடம் அந்தப் பதிப்பாளர் நேராக அவனையே கூப்பிட்டார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் ஜூலையில் அவன் போன் செய்தான்: "அண்ணா, குழந்தைகள் புத்தகம், முப்பத்திரண்டு பக்கம். எனக்குக் குழந்தைங்க படம் வராது. உங்க நம்பர் கொடுத்திருக்கேன்."