ஊசித்துளை விழுந்தால் ஆர்கானைக் கூட்டாதீர்கள்

டங்ஸ்டன் முனையில் ஆர்க் (மின்வில்) எழுப்பி உலோகத்தை உருக்கி ஒட்டும் டிக் வெல்டிங்கில், ஒட்டில் ஊசித்துளை விழுந்ததும் பலருடைய கை நேராக ஆர்கான் வாயு சிலிண்டரின் ரெகுலேட்டருக்குப் போகும். ஆர்கானைக் கூட்டியபின் துளை இன்னும் பெருகும். ஆர்கான் உலோகத்தோடு எந்த வினையும் புரியாது. சோம்பேறி என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லே அதன் பெயர். உருகிய இடத்தைக் காற்று அண்டாமல் மூடி நிற்பது மட்டுமே அதன் வேலை. டார்ச் எனும் கைப்பிடிக் கருவியின் நுனியிலுள்ள கப்பிலிருந்து சீறி வந்தால் சுழலாகி, பக்கத்துக் காற்றையும் இழுத்து உள்ளே விடும். 8-ஆம் நம்பர் கப்புக்கு நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் போதும். மின்விசிறியை நிறுத்தினீர்களா, ஓஸ் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. 7 கனமீட்டர் சிலிண்டர், 10 லிட்டர் ஓட்டத்தில் சுமார் 700 நிமிடம் வரவேண்டும். வெகு முன்பே தீர்ந்தால் எங்கோ கசிகிறது.

ஆர்க் அணைந்த கையோடு டார்ச்சைத் தூக்குவது அடுத்த தவறு. 100 ஆம்பியரில் ஓட்டினால் 10 நொடியாவது வாயு தொடர்ந்து வரட்டும். டங்ஸ்டன் முனை நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் அந்த நேரம் போதவில்லை.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பில் வெளிப்புறம் பளபளக்கும். பைப்புக்குள்ளும் ஆர்கானை விட்டுக் காற்றை வெளியேற்றும் பர்ஜிங் செய்யாவிட்டால், ஒட்டின் உட்புற வேர்ப்பகுதி கருகிப் பொரிந்திருக்கும். பால், மருந்து ஆலைக் குழாய்களில் அந்தச் சொரசொரப்பில் கிருமி தங்கும். ஆர்கான் காற்றைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனம். ஆகவே கீழிருந்து மெல்ல விட்டு, மேலே காற்றை வெளியேற்றுங்கள். மேலிருந்து விட்டால் இரண்டும் கலந்துபோகும். 100 மி.மீ. பைப்பில் ஒரு மீட்டர் நீளத்தின் கொள்ளளவு சுமார் 8 லிட்டர். அதைப்போல் ஐந்து மடங்காவது ஓடட்டும். வெளியேறும் துளையை மட்டும் அடைக்காதீர்கள்: உள்ளே அழுத்தம் ஏறி, கடைசி அங்குலத்தில் உருகிய உலோகத்தை வெளியே ஊதித் தள்ளிவிடும்.

மைல்ட் ஸ்டீலை மிக் வெல்டிங் (ஓடிவரும் கம்பியே உருகி ஒட்டும் முறை) செய்யத் தூய ஆர்கான் ஆகாது. ஆர்க் அலையும், ஒட்டின் ஓரம் அரிபட்டுப் பள்ளமாகும். ஆர்கானில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 20 சதவீதம் கலந்தால் சரியாக வரும். அதே கலவையை டிக்கில் மாட்டினால் டங்ஸ்டன் எரிந்துபோகும்.

இவையெல்லாம் வேலையைத்தான் கெடுக்கும். குழியிலோ தொட்டிக்குள்ளோ தேங்கிய ஆர்கான் ஆளையே கொல்லும். மணமில்லை, மூச்சில் கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல் வெளியேறுவதால் திணறலும் தெரியாது, நேராக மயக்கம்தான். ஆக்சிஜன் மீட்டரை அடிமட்டம்வரை இறக்கிப் பாருங்கள், 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. விழுந்தவரைத் தூக்க அப்படியே குதிப்பவரும் விழுவார். ஊதுவிசிறியால் வெளிக்காற்றை உள்ளே செலுத்துங்கள். அவசரத்தில் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடாதீர்கள்; ஒரு பொறி பட்டால் உடுத்திய துணியே பற்றிக்கொள்ளும்.